நீலத் தாள் முதலில்

"நீலத்தை முதல்ல வெட்டுங்கண்ணே," என்று கத்தரிக்கோலை மேசையின் குறுக்கே நகர்த்துகிறார் வக்கீலம்மா.

கட்டட வழக்குகளை மட்டுமே எடுப்பவர். மேசையில் எப்போதும் இரண்டு நிறக் கண்ணாடித்தாள் இருக்கும். கட்டடச் சொந்தக்காரரின் தாமதத்துக்குச் சிவப்பு, கட்டுகிறவரின் தாமதத்துக்கு நீலம். தாமதம் எவ்வளவோ, துண்டும் அவ்வளவு நீளம். தன் தாமதத்தைக் கட்சிக்காரர் தன் கையாலேயே வெட்ட வேண்டும். முகம் சுண்டி வேறு வக்கீலைத் தேடிப் போனவர்கள் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுவார்.

எதிரே இருந்தவர், கொத்து வேலையிலிருந்து ஒப்பந்தக்காரராக உயர்ந்த மேஸ்திரி அண்ணன். அவர் கட்டிய மருத்துவமனை தாமதமாகிவிட்டது. முழுத் தாமதத்துக்கும் மருத்துவமனைக்காரர்கள் அபராதம் கேட்கிறார்கள். அதைக் கட்டினால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

"மேல்மாடி வரைபடத்தைத் தராம இழுத்தடிச்சது அவங்கதாம்மா. நான் ஏன் நீலத்தை வெட்டணும்?"

"அப்போ உங்க கிரேன் என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

"அது... ரிப்பேராகிப் படுத்துடுச்சு. அதை யாரும் கேக்கலையே!"

"கேப்பாங்க. நாமளே சொன்னா அது கணக்கு. அவங்க கண்டுபிடிச்சா திருட்டு. வெட்டுங்க."

பெரிய இடம் தாமதித்தால் 'சூழ்நிலை', சின்ன ஆள் தாமதித்தால் 'குற்றம்' என்று எழுதும் ஒப்பந்தங்களைக் கண்டாலே வக்கீலம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை வாசலில் கழற்றிவைத்துவிட்டுத்தான் விசாரணைக்குள் நுழைவார்.

எதிர்த்தரப்பு வக்கீல் புதையலைத் தோண்டியவர் போலக் கிரேன் விஷயத்தை எடுத்தார். இவர் அசரவில்லை. சிவப்பின் மேல் நீலத்தை வைத்து நடுவரிடம் நீட்டினார். இரண்டும் சேர்ந்த இடம், அதாவது இரு தரப்பும் ஒரே சமயத்தில் தாமதித்த காலம், கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது.

"கிரேன் படுத்தது நிஜம்தாங்கய்யா. ஓடியிருந்தா மட்டும் எந்த வரைபடத்தைப் பார்த்துத் தூக்கியிருப்பாங்க?"

அபராதம் தள்ளுபடியானது. தாமதமான நாட்களுக்குக் கூடுதல் அவகாசமும் கிடைத்தது. ஆனால் கத்திரிப்பூக் காலத்து நஷ்டம் அவரவர் தலையில்.

"காத்துக்கிடந்த நஷ்டத்துக்கு ஒண்ணுமில்லையாம்மா?"

"கிரேன் ஓடியிருந்தா விட்டிருப்பேனா? நியாயம் நமக்கும் சேர்த்துதாண்ணே."

அண்ணன் சற்று முனகினார். ஆனாலும் யாரிடமும் எதையும் மறைக்காமல் ஜெயித்த மனிதராக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் படியிறங்கினார்.

சமீபத்தில் தன் மச்சானை அழைத்து வந்தார். அவரும் ஒப்பந்தக்காரர். உட்காரும் முன்பே, "எல்லாம் அவங்க தப்பு மேடம்!" என்று சிவப்புத் தாளைப் பிடித்துக்கொண்டார் மச்சான்.

அண்ணன் மச்சானின் கையிலிருந்து சிவப்பை உருவி ஓரமாக வைத்தார். நீலத்தை அவர் முன் இழுத்துப் போட்டு, அதன் மேல் கத்தரிக்கோலை வைத்தார்.