ராஜாத்தி அக்காவும் ‘அட்டாச்’ ஆன வீடும்

இல்லை, அழவில்லை. வியாழக்கிழமை என்ன ஆகும் என்றுதான் முதலில் கேட்டேன். ராஜாத்தி அக்கா கடல் தாண்டி மெயின்லேண்ட் மருத்துவமனையில் இறந்துவிட்டதாக அவருடைய குமாஸ்தா ஃபோனில் சொன்னார். வியாழக்கிழமை டெல்லித் தீர்ப்பாயத்தில் எங்கள் வீட்டு வழக்கு. அக்காதான் வக்கீல். குமாஸ்தா “தெரியலம்மா” என்றார்.

அவரோடு நீதிமன்றத்தில் பழகிய உங்களுக்கு என் கேள்வி கொடூரமாகத் தோன்றலாம். அக்காவுக்குத் தோன்றியிருக்காது.

தீவில் எங்கள் மின்னி பே வீடு அப்பா கட்டியது. அண்ணனின் கம்பெனி மீது மோசடி வழக்கு வந்தது. மாடி அவன் பணத்தில் எழுந்தது என்று சொல்லி, சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வீடு முழுவதையும் தற்காலிகமாக முடக்கினார்கள். நூற்றெண்பது நாள். உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது. நான் கொல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்தேன். முடக்கத்துக்கு அதில் இருந்த ‘அட்டாச்’ என்ற சொல்லை அப்பா படித்தார், நாட்களை எண்ணினார், கோப்பில் வைத்தார். அடுத்து வந்த விசாரணை நோட்டீஸையும் அங்கேயே வைத்தார். யாரும் ஆஜராகாததால் முடக்கம் உறுதியானது. மேல்முறையீட்டுக் கெடுவும் போனது. பத்து நாளில் காலி செய்யச் சொல்லிக் கதவில் ஒட்டிய பிறகுதான் அக்காவிடம் ஓடினோம்.

அக்கா கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மலையகத் தமிழும் தீவு இந்தியும் ஒரே மூச்சில் வரும். நாங்கள் நீட்டிய காகிதங்களை அவர் தொடவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

“அண்ணே, இதப் பாத்ததும் நீங்க என்னான்னு நெனச்சீங்க?”

“அட்டாச்தானேம்மா. என்னைய எத்தன தடவ கேம்பல் பே கப்பலுக்கு அட்டாச் பண்ணிருக்கான். ஆறு மாசம் ட்யூட்டி. அப்புறம் வாபஸ். வீடும் வந்துரும்னு இருந்தேன்.”

நான் தரையைப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“அரே, அந்த ஆர்டரெல்லாம் வச்சிருக்கீங்களா?”

வைத்திருந்தார். கப்பல் ஊழியராக இருந்த காலத்துக் காகிதம் எதையும் அப்பா தூக்கி எறிந்ததில்லை.

மேல்முறையீட்டுத் தாமதத்துக்கு விளக்கம் எழுதும் வேலையை அக்கா எனக்குக் கொடுத்தார். கனமான ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனேன். குறுக்கே கோடு போட்டார்.

“இத ஒங்கப்பா சொன்னாரா புள்ள, நீ சொன்னியா?”

அப்பாவின் கவலை வேறு. “என்னைய முட்டாள்னு கோர்ட்ல எழுதணுமா?”

“முட்டாள்னு எங்கண்ணே எழுதுறேன்? முப்பது வருஷ சர்வீஸ்னு எழுதுறேன்.”

ஒன்பதாம் நாள். வெளியேற்றத்தை நிறுத்தக் கேட்டு, தீவுக்கு வந்து அமரும் உயர் நீதிமன்றத்தின் சர்க்யூட் பெஞ்ச் முன் நின்றோம். சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அப்பாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியிருந்தது. அக்கா பழைய உத்தரவுகளை நீட்டினார். ஒவ்வொன்றிலும் இதே வாசகம்: ஊழியர் அட்டாச் செய்யப்படுகிறார், ஆறு மாதம் முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்புவார். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த நீதிபதி இரண்டு முறை படித்தார். இங்கே இப்படித்தான் சொல்வார்களா என்று நீதிமன்ற அலுவலரைக் கேட்டார். அலுவலர் எழுந்தார். தானே மாயாபந்தரிலிருந்து அட்டாச்சில் வந்திருப்பதாகச் சொன்னார்.

அறை சிரித்தது. அக்கா மட்டும் நீதிபதியின் பேனாவைப் பார்த்தபடி நின்றார்.

தாமதத்தை ஏற்பதா என்று தீர்ப்பாயம் முடிவு செய்யும்வரை எங்களை வெளியேற்றக் கூடாது. அவ்வளவுதான் கிடைத்தது. வெளியே வந்ததும் அப்பா அக்காவின் கையைப் பிடிக்கப் போனார்.

“இருங்கண்ணே. வீடு இன்னும் ட்யூட்டிலதான் இருக்கு.”

ஒரு மனிதர் தவறாகப் புரிந்துகொண்டால், அதற்குக் காரணம் சொல்லும் காகிதம் அவருடைய வாழ்க்கையிலேயே எங்கோ இருக்கும் என்று அக்கா நம்பினார். அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்கிறேன். காகிதத்தைக் கேட்டு வாங்கும் பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை.

ஃபோனை வைத்த பிறகு, விசாரணையைத் தள்ளிவைக்கக் கோரும் மனுவை எழுதினேன். காரணம்: எங்கள் வக்கீல் இறந்துவிட்டார். அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன்.