பியூலாவின் கைக்கு எழுதிய இசை

1. என் தோழி பியூலாவுக்கு டெங்கு வந்தது.
2. சபை முழுவதும் அவளுக்காக ஜெபித்தது.
3. அவள் இறந்துவிட்டாள்.
4. நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன்.
5. நினைவு ஆராதனைக்கு இசை எழுதித் தரச் சொன்னார் அவளுடைய அம்மா. "அதைக் கேட்கத்தான் சர்ச்சுக்கு வருவேன். வேற எதுக்கும் வரமாட்டேன்" என்றார்.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். இதற்குப் பிறகு நடந்தது அப்படி வரிசைக்குள் அடங்கவில்லை.

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நான்கு பேருக்கு எழுதினேன். வயோலா நான். செல்லோ எப்போதும் பியூலாதான். அவள் இடத்தில் வாசிக்க செகந்திராபாத்திலிருந்து ரோசி அக்கா வந்தார். எழுதியதைக் கணினியில் ஓடவிட்டுக் கேட்டிருந்தேன், குறையே இல்லை. கணினிக்கு விரல் கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆராதனைக்கு முந்தின நாள் ஒத்திகை. பாதியில் ரோசி அக்கா செல்லோவின் வில்லை இறக்கிவிட்டார்.

"நக்கோம்மா, வேணாம். இந்த ரெண்டு சுரத்தையும் சேர்த்துப் பிடிச்சா என் கை கழண்டுடும். மனுஷிக்கு எழுதினியா, சிலந்திக்கா?"

மறுபடி முயன்றார். விரல் எட்டவில்லை. கை பிடித்துக்கொண்டது. வயலின்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பியூலாவின் அம்மா நாளை வருவார். இது நின்றுபோனால் அவர் இனி வரவே மாட்டார்.

வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். அழவில்லை. கோபமாகத்தான் கேட்டேன்: "ஆண்டவரே, அவளைக் கேட்டோம், தரவில்லை. இதையாவது தாரும்."

குரல் ஒன்றும் கேட்கவில்லை. பியூலாவின் இடது கை மட்டும் கண்முன் வந்தது. நீளமான விரல்கள். நான் எழுதிய ஒவ்வொரு இடமும் அந்தக் கைக்கு அளவெடுத்தது. இல்லாதவளுக்கு எழுதிவிட்டு, இருப்பவரை வதைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய்ச் சொன்னேன். ரோசி அக்கா தாளில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஹவ், ஆமா. அவ கைக்கு நான் எங்க போவேன்? கீழ்ச் சுரம் எனக்கு, மேல் சுரம் உனக்கு. உன் வயோலா அங்க சும்மாதானே தூங்குது?"

அப்படியே வாசித்தோம். இந்த முறை நிற்காமல் கடைசிவரை போனது.

மறுநாள் பியூலாவின் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்து, "அடுத்த ஞாயிறு உன் பக்கத்துல எனக்கு இடம் போட்டு வை" என்றார்.

முதல் ஜெபத்துக்கு ஏன் அப்படிப் பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதற்குப் பதில் கிடைத்தது. அதற்காகக் கர்த்தருக்கு நன்றி. கோபமாக இருப்பவர்களே, அந்தக் கோபத்தோடேயே கேளுங்கள். அவர் கேட்கிறார்.

பியூலா இல்லை. அவள் அம்மா ஞாயிறுதோறும் என் பக்கத்தில் உட்காருகிறார். நான் மறுபடி ஜெபிக்கிறேன்.