வலது கை உறை

சாந்தோமில் எங்கள் வீட்டில், நான் செய்யும் குட்டி ராணுவ மாடல்களை எல்லோரும் பொம்மை என்றுதான் சொல்வார்கள். தம்பி மட்டும் அப்படிச் சொல்லமாட்டான். ராணுவத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராகச் சேர்ந்த பிறகு, லீவில் வரும்போதெல்லாம் அலமாரி முன்னால் நின்று தப்புக் கண்டுபிடிப்பான். "தண்ணி பாட்டில இப்படியா மாட்டுவாங்க? ஓடுனா தொடையில அடிக்கும்ணே." நான் பிரித்து மறுபடி ஒட்டுவேன்.

வடக்கே பனிமலையில் காவலில் இருந்தபோது பனிச்சரிவு அவனைக் கொண்டுபோய்விட்டது. அவனையே மாடலாகச் செய்ய எனக்கு மனம் வருவதற்கு இரண்டு வருடம் ஆயிற்று.

கடையில் கிடைத்தது வேறு ஏதோ நாட்டுச் சிப்பாய். சுண்டுவிரல் உயரம். அந்தச் சிப்பாயின் பைகளையும் தொப்பியையும் அறுத்தெடுத்துவிட்டு, தடித்த பனிக்கோட்டு, முதுகில் வயர்லெஸ் பெட்டி, அதன் வார்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். ஆன்டெனாவுக்கு பிரஷ்ஷிலிருந்து ஒரு நைலான் முடி. தம்பியின் படங்களில் தெரியாததை, அவனோடு வேலை பார்த்த நண்பரிடம் மாடலைக் காட்டிக் கேட்டேன். பட்டினப்பாக்கத்துக்காரர், ராணுவத்தை விட்டு வந்து அடையாறில் ஒரு வங்கியில் காவலராக இருக்கிறார்.

"எல்லாம் கரெக்டா கீதுண்ணே. வலது கையில மட்டும் உறை வராது," என்றார். "உறை போட்டுக்கினு வயர்லெஸ் செட்டுல குமிழைத் திருக முடியாது. பேசுறப்ப கயட்டிடுவான். கயித்துல தொங்கும்."

அப்படியே செய்தேன். வெறும் விரல்களின் நுனியில் குளிரில் சிவந்த நிறத்தைத் தொட்டு வைத்தேன். தி. நகரில் மாடல் கண்காட்சி வரவிருந்தது. நடுவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இதில் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முகத்தைத்தான் பார்க்கிறார் என்றிருந்தேன்.

"கையில ஏன் ஒண்ணும் இல்ல?"

காரணத்தைச் சொன்னேன்.

"அந்தக் குளிர்லயா? தெனமுமா?"

"பேசறப்பல்லாம்மா."

"எங்கிட்ட குளிரே இல்லன்னுதானே சொன்னான்." எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றிருந்தார். திரும்பி வந்து, "போட்டு விட்டுடு," என்றார்.

"அது தப்பாயிடும்மா."

"ஆவட்டும். போட்டு விடு."

தம்பி இருந்திருந்தால் தப்பென்றுதான் சொல்லியிருப்பான். ஆனாலும் கயிற்றில் தொங்கிய உறையை அறுத்தெடுத்துவிட்டு, ஊசிமுனையில் களிமண் எடுத்துக் கையிலேயே உறையை உருவாக்கினேன். நான் தீட்டிய விரல்கள் ஒவ்வொன்றாக அதற்குள் மறைந்தன. கண்காட்சிக்கு அனுப்பவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நண்பர் வந்தார். அம்மா மாடலை எடுத்து வந்து காட்டினார். "இப்ப சரியா இருக்கா தம்பி?"

அவர் உறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரியா கீதும்மா."

கேக்கைத் தொடாமல் பால்கனிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"அன்னிக்குக் கீழ்க் கேம்ப்ல நான்தாண்ணே இருந்தேன். செட்டுல அவன் எங்கூட பேசிக்கினு இருக்கறப்பதான் பனி சரிஞ்சுது."

காபி ஆறுகிறது என்று உள்ளிருந்து அம்மா கூப்பிட்டார். இதை நான் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.