செவ்வாய்க்கிழமையில் சிவப்புச் சட்டை

நோசூகோ ஒரு சினிமாவில் நடித்திருக்கிறாள் என்பது ஜோஹானஸ்பர்க்கை ஒட்டிய அலெக்ஸாண்ட்ராவில் அவள் சந்து முழுவதற்கும் தெரியும். படத்தில் வானத்திலிருந்து ஒரு கலம் பழுதாகி ஜோஹானஸ்பர்க்கில் இறங்குகிறது. அதில் வந்தவர்களை ஊரார் கல்லெறிந்து விரட்டுகிறார்கள். ஒரு கிழவி மட்டும் அவர்களில் ஒருத்திக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். அந்தக் கிழவிதான் நோசூகோ. நாற்பது வருடம் வெள்ளைக்காரர் வீடுகளில் தரை துடைத்தவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

ரப்பர் தலையை மாட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தவள் ருவிம்போ. ஜிம்பாப்வேக்காரி, நோசூகோ வீட்டுப் பின்னறையில் குடியிருந்தாள். விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டியபின் வருகிறவள் என்பதால் சந்தில் பலருக்கு அவள் முகம் தெரியாது. படத்திலும் தெரியவில்லை.

நோசூகோவின் திருச்சபை மண்டபத்தில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அந்நியரை ஏற்பதைப் பற்றிப் போதகர் ஒரு மணி நேரம் பேசினார். பாடகர் குழுவில் பாடும் லுங்கா விம்மி விம்மி அழுதான். மூன்று மாதம் கழித்து வெளிநாட்டுக்காரர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது அதே லுங்கா, கையில் தடியோடு, அவர்களைத் தேடி வீடு வீடாகப் போனான்.

ருவிம்போ நோசூகோவின் கட்டிலுக்கடியில் கிடந்தாள்.

"அம்மா, உங்க சபை ஜெபக்குழுச் சிவப்புச் சட்டையக் குடுங்க. அதப் போட்ட பொம்பளையத் தொடமாட்டாங்க. போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிடுவேன்."

"மூணு வருஷம் சோதிச்சுப் பாத்துத்தான் அந்தச் சட்டையத் தந்தாங்க. வேற ஒருத்தி போட்டான்னு தெரிஞ்சா புடுங்கிடுவாங்க."

"சினிமால தண்ணி குடுத்தீங்களே."

"அங்க தப்பானா மறுபடி எடுக்கலாம்னு டைரக்டர் சொன்னாரு. இங்க யாருடி சொல்லுவா?"

அடுத்த சந்தில் புகை எழுந்தது. நோசூகோவுக்கு ஏழு வயதிருக்கும்போது வெள்ளைக்காரப் போலீஸ் இதே வாசலில், கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகத்தைக் கேட்டு அவள் அம்மாவை இழுத்துக்கொண்டு போனது. அன்றைக்கு அக்கம்பக்கத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. நோசூகோ சட்டை இருந்த பெட்டியைத் திறந்தாள்.

ருவிம்போ சட்டையைப் போட்டுக்கொண்டாள். நோசூகோ சால்வையைப் போர்த்திக்கொண்டு கூடவே நடந்தாள். மூலையில் லுங்காவும் இன்னொருவனும் மறித்தார்கள். தெரியாத அந்த முகத்தை லுங்கா பார்த்தான், பிறகு சட்டையைப் பார்த்தான்.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமையாச்சே, அம்மா."

அந்தச் சட்டை வியாழனுக்கும் ஞாயிற்றுக்கும் சாவு வீட்டுக்கும் மட்டும்தான். பயத்தில் இரண்டு பெண்களுக்கும் கிழமை மறந்துபோயிருந்தது.

"சாவுக்குப் போறோம். இவ வேற சபை."

"யாரு செத்தது?"

"என் பின்னறைக்காரி. உங்க ஆளுங்கதானே அடிச்சுப் போட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

லுங்கா மற்றவனைத் திரும்பிப் பார்த்தான். அவன் சிரித்தான்.

"பாலத்துக்கிட்ட ஒருத்திதானே? நாந்தான். ரெண்டே அடி."

ருவிம்போ தலை குனிந்து நின்றாள்.

"வருத்தப்படாதீங்கம்மா, அதுங்கல்லாம் மனுஷங்களா?" என்று சொல்லி லுங்கா வழிவிட்டான். பத்தடி போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டான். "அந்த அறை காலிதானே? எங்கக்கா வீடு தேடிக்கிட்டிருக்கா."

நோசூகோ திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் தப்பி வந்த நூற்றுக்கணக்கானவர்கள் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ருவிம்போ சட்டையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, நோசூகோவின் கையில் வைத்தாள். நன்றி சொல்லவில்லை.

"பாலத்துக்கிட்ட என் தங்கச்சி தக்காளி விக்கிறா, அம்மா. நீங்க எனக்காகப் பொய் சொன்னீங்க. 'நாந்தான்'னவன் பொய் சொல்லலியே."

நோசூகோ சால்வையைக் கழற்றினாள். எல்லாரும் பார்க்க அந்தச் சட்டையைப் போட்டு, ஒவ்வொரு பொத்தானாக மாட்டிக்கொண்டு, பாலத்தை நோக்கி நடந்தாள்.