அனுராதாவின் டயரைத் தொடாதீர்கள்

நார்வேக்கு நர்ஸ் வேலைக்குப் போன அனுராதா நகைநட்டோடு திரும்புவாள் என்று சாலியமங்கலமே எதிர்பார்த்தது. அவள் வந்தது பனிப் பைத்தியத்தோடு. தென் துருவத்துக்குத் தனியாக நடந்தே போகப் போகிறாளாம். சாப்பாடு, கூடாரம் எல்லாவற்றையும் சறுக்குவண்டியில் ஏற்றி, இடுப்பில் கட்டி இழுக்க வேண்டும். வழியில் யார் கையாலாவது ஒரு வாய்த் தண்ணீர் வாங்கினாலும் பயணம் செல்லாது.

அவள் அண்ணன் கோவிந்தராசு பஞ்சர் கடைக்காரர்; ஒரு நட்டைக்கூட மூன்று முறை பார்த்துத்தான் முடுக்குவார். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அங்க கக்கூசுக்கு என்னம்மா பண்ணுவே?" பதில் திருப்தியாக இருந்ததால், இருந்ததிலேயே நல்ல டிராக்டர் டயர் ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார், இழுத்துப் பழக.

நடை தொடங்கும் பனிக்கரைக்கு விமானத்தில் கொண்டுபோய் விடும் கம்பெனி, அதே நிபந்தனையோடு உள்ளூரில் ஒரு நெடுநடை முடித்துக் காட்டச் சொல்லியிருந்தது. முடித்தால்தான் இந்த வருஷம் இடம். கல்லணையில் தொடங்கி வெண்ணாற்றங்கரை, கோரையாற்றங்கரை வழியாக முத்துப்பேட்டை வரை டயர் இழுப்பது என்று முடிவாயிற்று. கோவிந்தராசு மொபெட்டில் பின்னால் வந்து படம் பிடிக்கலாம். கை நீட்டக் கூடாது.

குளிரைச் சமாளிக்க உடுப்பு உண்டு. டெல்டாக்காரர்களைச் சமாளிக்க ஒன்றும் கிடையாது. ஒருவர் இளநீரைச் சீவிக்கொண்டே கூட ஓடிவந்தார். ஒரு மினி லாரிக்காரர், "வேண்டுதலாம்மா? எந்தக் கோயிலு? டயரையாவது ஏத்திவிடு, சாமி கோவிச்சுக்காது" என்று மன்றாடினார். கோவிந்தராசு எல்லோரையும் கும்பிட்டே விலக்கினார்.

நீடாமங்கலம் தாண்டி ஓர் உடைந்த மதகடிப் பள்ளத்தில் டயர் சிக்கியது. கோவிந்தராசு பெட்ரோல் போடப் பின்தங்கியிருந்தார். அனுராதா மூச்சைப் பிடித்து இழுத்தாள். திடீரென்று டயர் பஞ்சுபோல் லேசாகிவிட்டது. திரும்பினால், சம்பா நடவு ஆட்கள் ஐந்தாறு பேர் சேற்றுக் கையோடு அதைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். முன்னால் நின்றவர் அந்தப் பெண்களுக்குத் தலைவி ரெங்கம்மாள்.

"ஏங்க்கா தொட்டீங்க?"

"தொட்டா தேஞ்சா போயிடும்? பொம்பளப் புள்ள தவிக்குது!"

அனுராதா டயர்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வந்து சேர்ந்த கோவிந்தராசு விஷயத்தைக் கேட்டு மெல்லச் சொன்னார்: "படத்துல விழல."

"நான் இருந்தேன்ல, அண்ணே."

அவர் ஒரு மினி லாரிக்குப் போன் போட்டார்.

"என்னடி, மறுபடி கல்லணையிலேருந்தா? ஒரு தூக்குக்கா?" என்று வாயைப் பிளந்தார் ரெங்கம்மாள். "அட பாவி மவளே!"

மறுநாள் விடியலில் கல்லணையிலிருந்து மறுபடி தொடங்கினாள். சில நாள் கழித்து மதகை அடைந்தபோது ரெங்கம்மாள் தன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டச் சொல்லியிருந்தார். "எவளாவது கைய நீட்டுனீங்க, முறிச்சிருவேன்."

அதே பள்ளம். முதல் இழுப்பில் டயர் அசையவில்லை. இரண்டாவதில் கயிறு முனகியது. அனுராதா முழங்காலில் விழுந்தாள். ரெங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கை கட்டுண்டிருந்ததால் வாயை அவிழ்த்துவிட்டார். நார்வே, தென் துருவம், டயர் கண்டுபிடித்தவன் என்று ஒருவரையும் விடாமல் திட்டிக்கொண்டே வந்து கோவிந்தராசுவிடம் நின்றார். "நீயெல்லாம் ஒரு அண்ணனாடா? கூடப்பொறந்தவ சேத்துல கெடக்குறா, சினிமா புடிக்கிறியா? நீ வெளங்குவியா?" அதற்குமேல் சொன்னதெல்லாம் எழுதத் தகாதவை. அத்தனையையும் வாங்கிக்கொண்டு கோவிந்தராசு செல்போன் ஆடாமல் பார்த்துக்கொண்டார்.

அனுராதா எழுந்தாள். நெற்றி தரையில் முட்டுமளவு சாய்ந்து இழுத்தாள். டயர் ஒரு குதி குதித்து மேலே வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ரெங்கம்மாள் மடியிலிருந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தவர், சட்டென்று நின்று அதைத் தன் வாயிலேயே திணித்துக்கொண்டார்.

அனுராதா முத்துப்பேட்டையில் கடற்காயலைத் தொட்டாள். கோவிந்தராசு படத்தில் ஒரு நொடிகூட வெட்டாமல் கம்பெனிக்கு அனுப்பினார். இடம் உறுதி என்று பதில் வந்தது. மதகுப் பக்கம் ஓர் அம்மாள் உணர்ச்சிபொங்க உற்சாகப்படுத்துகிறாரே, அவர் சொல்வதை மொழிபெயர்த்து அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

அதற்கு மட்டும் கோவிந்தராசு பதில் போடவில்லை.