கட்டார்ப் பெட்டிக்குச் சுங்க வரி

திருகோணமலை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பேக்கரிக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது பஹ்மியாவின் கடை. போட்டோ கொப்பி, பாஸ்போட் விண்ணப்பம், விசா படிவம் எல்லாம் அங்கேதான். கிண்ணியாவிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் வருகிறவர்கள், "பஹ்மியாக்கிட்டக் குடுத்தா பிழை வராது" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். பதினொரு வருடமாக அந்தப் பேச்சில்தான் அவள் கடை ஓடியது. அவளுக்குத் தலைக்கனம் என்று சொன்னவர்களும் உண்டு. கொஞ்சம் இருந்ததும் உண்மைதான்.

கணினியில் எல்லாம் இருந்தாலும், வருகிறவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு நீலக் கொப்பியில் கையால் எழுதி வைப்பாள். கரண்ட் போனாலும் கொப்பி போகாது என்பது அவள் நியாயம். கணவன் ஜவ்பர் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்.

கட்டாரில் வேலை செய்யும் தங்கை ரிஸ்னா கப்பலில் ஒரு கார்கோ பெட்டி அனுப்பியிருந்தாள். பால்மா, சவர்க்காரம், இரண்டு போர்வை, ஜவ்பருக்குப் போட ஒரு சேட். ஆறு வாரமாகியும் பெட்டியைக் காணோம். பெட்டி வரப்போகிற வீட்டில் அறிவு கொஞ்சம் லீவில் போய்விடும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக் கணினிக்கு ஈமெயில் வந்தது: உங்கள் பெட்டி சுங்கத்தில் நிற்கிறது, தொண்ணூற்றைந்து ரூபா கட்டினால் விடுவிக்கப்படும். வரிசையில் ஐந்து பேர் நின்றார்கள். படிவத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தால் ஊரையே ஏசுகிற பெண், அனுப்பியது யார் என்றுகூடப் பார்க்கவில்லை. கிரெடிட் கார்ட் இலக்கத்தை அடித்தாள். ரசீது என்று வந்த பைலையும் திறந்தாள்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன் கைபேசியில் வங்கியின் செய்தி. எங்கேயோ வெளிநாட்டுக் கடையொன்றில் முப்பத்தெட்டாயிரம் ரூபாவுக்குச் சாமான் வாங்கியிருக்கிறாளாம். மூன்று நிமிடத்தில் இன்னொன்று. திகைத்துப்போய் நிமிர்ந்தால், திரையில் அம்புக்குறி தன்பாட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் கை மவுஸில் இல்லை.

இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். அந்த நேரம் பார்த்து ஒரு கோல் வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரலில் தேன் வழிந்தது. போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொன்னால் காசை உடனே நிறுத்திவிடலாமாம். இலக்கம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று எத்தனை பேருக்குத் தானே படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள் என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. போனை வைத்தாள். கார்டைத் திருப்பி, பின்பக்கத்தில் அச்சடித்திருந்த வங்கி எண்ணுக்குத் தானே போன் எடுத்தாள். நிரோஜினி என்று ஒரு பெண் பேசினாள்.

"பயப்படாதீங்கோ அக்கா, கார்டை நிப்பாட்டிட்டன். அந்த ரெண்டும் நீங்கள் செய்யேல்லையெண்டு எழுதித் தாங்கோ. கடைக் கொம்பியூட்டரில ஒண்டும் திறக்க வேண்டாம். வேற போனில இருந்து பாஸ்வேர்ட் எல்லாத்தையும் மாத்துங்கோ. ஈமெயிலை முதல் மாத்துங்கோ."

ஜவ்பரின் போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றினாள். பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தாள். கணினி முழுவதையும் அழித்துத் திருத்தக் கொடுத்தாள். மறுநாள் காலை நிரோஜினியே போன் எடுத்து, இரண்டு தொகையும் அந்த வெளிநாட்டுக் கடைக்காரனுக்குப் போய்ச் சேரவில்லை, கணக்குக்குத் திரும்பிவிடும் என்று சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ் என்றாள் பஹ்மியா. ஆனாலும் சோறு இறங்கவில்லை. அந்தக் கணினியில் அறுபத்தொரு பேரின் பாஸ்போட் பிரதிகள் இருந்தன.

"சொல்லாம உட்டா என்ன? பைல் ஒண்டும் போயிருக்காது. வாயத் தொறந்தா கடைய மூட வேண்டியதுதான்" என்றார் ஜவ்பர்.

"போயிருந்தா? அவங்க என்னை நம்பித்தானே தந்தாங்க" என்றாள் பஹ்மியா.

கணினி திருத்தக் கடையில் கிடந்தது. நீலக் கொப்பி மேசையில் இருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த அறுபத்தொரு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னாள், தன் பிழை என்பதையும் சொன்னாள். சிலர் ஏசினார்கள். மூதூர்ப் பெண்ணொருத்தி அவளுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டாள். சோமசேகரத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். துறைமுகச் சுங்கத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பொத்தான் கோணலாகத் தைத்ததற்காகத் தையல்காரனையே மாற்றிய மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாறன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

வந்தார். கதிரையில் இருந்தார். அந்த ஈமெயிலைக் காட்டச் சொன்னார். ஜவ்பரின் போனில் காட்டினாள். இரண்டு தரம் வாசித்தார். கடை கைவிட்டுப் போகப்போகிறது என்றே பஹ்மியா நினைத்தாள்.

"பிள்ளை, இது எனக்கும் வந்தது" என்றார். "போன மாசம். மகள் கனடாவில இருந்து பெட்டி போட்டவ. நானும் கட்டினனான்."

பஹ்மியா போனை மேசையில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"முப்பது வருசம் சுங்கத்தில இருந்துபோட்டு, கள்ளனுக்குச் சுங்க வரி கட்டினவன் நான். மனிசிக்கும் சொல்லேல்ல. வெக்கமாக் கிடந்தது."

"கார்டை நிப்பாட்டினீங்களா சேர்?"

"ஆரிட்டைக் கேக்கிறதெண்டு தெரியேல்ல. காசு கொஞ்சம் கொஞ்சமாப் போகுது. நீங்கள் போனில உள்ளதை உள்ளபடி சொல்லேக்கைதான், இனி மறைக்க ஏலாது எண்டு பட்டுது."

இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பிப் பின்பக்கத்து எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் போனை அவரிடம் கொடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்க சேர். நான் பக்கத்துல இருக்கன்."