பாய் சொன்ன நற்சான்று

போன வருடம் சித்திரை வெயிலில், திருவண்ணாமலையில் நான் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது நடந்தது இது. தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, இனி மாடி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்களோ ஆறு வருடமாக இரண்டாவது மாடியில் குடியிருந்தோம்.

செங்கம் ரோட்டில் புது அபார்ட்மென்ட், தரைத்தளம். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் தெருவைவிட்டு நகர முடியாது, ஆனால் ஒரு படிகூடக் கிடையாது. அம்மா உள்ளே நடந்து பார்த்துவிட்டு, சமையலறையில் எந்த டப்பாவை எங்கே வைப்பது என்றே முடிவு செய்துவிட்டார். வீட்டுக்காரர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "உங்க கிரெடிட் ஸ்கோர் பாத்துச் சொல்லுங்க" என்றார். வாடகை வீட்டுக்கு இதெல்லாமா என்று எரிச்சலோடு போனில் பார்த்தேன். அடிமட்டத்தில் இருந்தது.

காரணம் என் பிரிட்ஜ். தவணையில் வாங்கியது எட்டாம் மாதமே பழுதானது. கடைக்காரரோடு சண்டை போட்டு, சரி பண்ணிக் கொடுத்தால்தான் மிச்சம் என்று கடைசி இரண்டு தவணையை நிறுத்திவிட்டேன். கடன் கொடுத்தது கடைக்காரர் அல்ல, பைனான்ஸ் கம்பெனி என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நியாயம் கேட்ட பெருமையில் இருந்திருக்கிறேன்.

"இப்டி இருந்தா கஷ்டம்ங்க. சரி, இப்ப இருக்கிற வீட்டு ஓனர் நம்பர் குடுங்க, பேசிப் பாக்கறேன்" என்றார் அவர்.

பஜாரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பாய்தான் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர். காலி செய்கிறோம் என்றதும், எங்கள் ஊர் வழக்கப்படி, அட்வான்சில் ஒரு மாத வாடகையைப் பெயின்ட் அடிக்கப் பிடித்துக்கொள்வேன் என்றார். ஆணிகூட அடிக்காத வீட்டுக்கு எதற்குப் பெயின்ட் காசு என்று மூன்று நாள் முன்புதான் அவர் கடையிலேயே, வாடிக்கையாளர்கள் முன்னால் கத்திவிட்டு வந்திருந்தேன். "இந்தக் காசு உங்களுக்கு ஒட்டாது பாய்" என்றும் சொல்லியிருந்தேன். மாதக் கடைசியில் அந்த மாடி வீட்டுக்கு வேறு ஆள் குடிவருவதாகவும் பேசி முடித்தாகிவிட்டது. இந்த வீடும் இல்லையென்றால் அம்மாவை எங்கே கூட்டிப்போவது?

வேறு வழியில்லாமல் நம்பரைக் கொடுத்தேன். அவர் ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில் நிற்பது பாய்க்குத் தெரியாது.

"வாடகை ஒழுங்கா குடுத்தாங்களா?"

"அஞ்சாந்தேதி தாண்டுனது கிடையாதுங்க. ஊரடங்கப்போ மட்டும் ஸ்கூல்ல சம்பளம் போடல. நான் கேக்கறதுக்கு முன்னாடி அவங்களே வந்து சொல்லிட்டாங்க. அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா மொத்தமும் குடுத்துட்டாங்க."

"சண்டை, தகராறு எதுனா?"

பாய் சற்று நேரம் பேசவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோவம் ஜாஸ்தி. மூணு நாள் முன்னாடி என்னையே நல்லா கேட்டுட்டுப் போச்சு. ஆனா அந்தப் பொண்ணுக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. அவங்கம்மாவால மாடி ஏற முடியல, எங்கிட்ட கீழ வீடு இல்ல. இருந்திருந்தா உங்ககிட்ட உட்டிருக்கவே மாட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவோ என்னை முறைத்தார். கடையில் சண்டை போட்ட கதையை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

புது வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார். அந்த இரண்டு தவணையையும் அபராதத்தோடு முதலில் கட்டிவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மறுநாளே கட்டினேன். நேராகப் பாய் கடைக்குப் போய், அன்று கத்தியதுபோலவே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் சரிம்மா, பெயின்ட் காசு பெயின்ட் காசுதான்" என்றார். கடைசிவரை அதைத் தரவும் இல்லை.

என் கோபத்தை நேரில் வாங்கிக்கொண்டவரே அதற்கு மறுபக்கமும் உண்டென்று எனக்காகப் பேசினார். அதனால் இப்போதெல்லாம் யார்மீதாவது கத்த வாய் திறக்கும்போது போனில் பாயின் அந்த மௌனம் காதில் கேட்கிறது, பாதி நேரமாவது வாயை மூடிக்கொள்கிறேன்.